நூற்றுப் பதினெட்டாவது பந்து

நீலாம்பாள் தன் நாற்பத்து நான்கு வயதில் ஒரு பேஸ்பால் பந்தைக்கூட எறிந்தவள் இல்லை. பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளர். குடுவை கழுவி வைப்பது, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடச் சொல்லிக் கீழே ஓடுவது, இவைதான் வேலை. கல்லூரியில் எல்லோருக்கும் அவள் டோ நீலா, டோ என்றால் பர்மியத்தில் அம்மா மாதிரி ஒரு மரியாதைச் சொல். நீலா என்பது பர்மியர்களும் வைக்கிற பெயர்தான் என்பதால் பாதிப் பேருக்கு அவள் தமிழச்சி என்பதே தெரியாது. முழுப்பெயர் வீட்டில்தான் வரும். அதுவும் கணவர் அப்பாசாமிக்குக் கோபம் வந்தால்.

அவளைப் பேஸ்பாலுக்குள் இழுத்தது அவளுடைய கையெழுத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து யாரோ பழைய கையுறைகளும் மட்டைகளும் பெட்டி பெட்டியாகக் கொடுத்தனுப்ப, உடற்பயிற்சி ஆசிரியர் தேவராஜ் ஓர் அணி சேர்த்தார். ஆட்டக் குறிப்பு எழுத ஆள் வேண்டும். புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "சயாமா, நீங்கதான் எழுதணும்" என்று வந்து நின்றார். சயாமா என்றால் டீச்சரம்மா. அவள் டீச்சர் இல்லைதான். ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது.

எழுத எழுத ஆட்டம் புரிந்தது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓவர் முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இதில் பிட்சர் என்று ஒருவன் மைதானத்து நடுமேட்டில் நின்று, வருகிற ஒவ்வொரு மட்டைக்காரனுக்கும் தானே எறிந்துகொண்டிருக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடுத்தவனை இறக்க வேண்டும். யாரை, எப்போது இறக்குவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. ஒரு பிட்சருக்கு ஓர் ஆட்டத்தில் எண்பத்தைந்து பந்துக்கு மேல் கூடாது என்று தேவராஜ் சொல்லியிருந்தார். நீலாம்பாள் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்தாள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போடுவாள். எண்பது வந்ததும் தேவராஜைப் பார்த்துத் தலையசைப்பாள். அவர் பிட்சரை மாற்றிவிடுவார்.

போன மழைக்காலத்தில் வட்டாரப் பட்டியலில் தேவராஜின் பெயர் வந்தது. வயது முப்பத்து நான்கு. பட்டாளத்துக்குக் கூப்பிடுகிற பட்டியல். ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. புதன்கிழமை தாய்லாந்து எல்லையிலிருந்து ஒரு செய்தி வந்தது, "மன்னிச்சிடுங்க சயாமா" என்று. வேறொன்றும் இல்லை. பையன்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சிலர் எல்லை தாண்டிப் போனார்கள். சிலரை வெளியே அனுப்ப வீட்டில் பயந்தார்கள். டிசம்பரில் பதினொரு பேர் மிஞ்சியிருந்தார்கள். போட்டி விண்ணப்பத்தில் பொறுப்பாளர் என்று ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் முன்வரவில்லை. நீலாம்பாள் போட்டாள்.

"உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்றார் அப்பாசாமி. போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கு ஒன்றில் அவர் மேற்பார்வை பார்க்கிறார்.

"கையெழுத்து மட்டும்தான்."

"கையெழுத்துப் போட்டவங்களைத்தான் முதல்ல கேப்பாங்க."

ஓடிப்போன பையன்களைப் பற்றி அதிகாரிகள் வந்து விசாரிப்பார்கள் என்பதை மனதில் வைத்து அவர் சொன்னார். அந்த நாட்களில் எல்லோரும் எதற்கும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பதினொரு பேரில் பிட்சர்கள் இரண்டே பேர். ஜாபிர், உதயசூரியன். ஜாபிருக்கு இருபது வயது. நெடுநெடுவென்று இருப்பான். அப்பா இல்லை. அம்மா அஸ்மா, பள்ளிவாசல் தெருவில் தையல் வேலை செய்கிறார். ஜாபிர் விடியற்காலையில் தெருமுனைத் தேநீர்க் கடையில் நான்பியா என்கிற ரொட்டி சுடும் அடுப்பில் நிற்பான். மாவை வீசி விரித்து, குனிந்து அனலுக்குள் கைவிட்டு, சுவரில் அறைந்து ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு ரொட்டி. முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வருவான். அவன் எறியும் பந்து மட்டையில் படாமலே, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரின் கையுறையில் போய் விழும். உதயசூரியன் வேறு மாதிரி. தமிழில் சொன்னால் புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். அவன் பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கும். எதிராளி அதன் மேல்விளிம்பில் அடிப்பான். அது தரையில் குதித்துக்கொண்டு பெரும்பாலும், ஓட்டம் எடுக்கிறவன் சுற்றி வரும்போது தொட வேண்டிய தளங்களில் மூன்றாவதன் பக்கம் ஓடும்.

அங்கேதான் வினை. மூன்றாம் தளத்தில் நின்றவன் ரிஹான். போன வருஷம் ஒரு பந்து எகிறி அவன் முன்பல்லை உடைத்திருந்தது. அதிலிருந்து தரைப்பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் கையை நீட்டுவான். பந்து கையுறை விளிம்பில் பட்டு ஓடிவிடும். ஆட்டக் குறிப்பில் மூன்றாம் தளத்துக்காரனுக்கு எண் ஐந்து. நீலாம்பாளின் புத்தகத்தில் அந்தப் பருவத்தில் அணி செய்த பதினான்கு பிழைகளில் ஒன்பதுக்கு எதிரே ஐந்து என்றுதான் எழுதியிருந்தது. மாற்ற ஆளில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரில் ஒருவன் மாற்றுப் பிட்சர், இன்னொருவனுக்குக் கணுக்கால் சுளுக்கு.

ஆகவே அவள் மனதில் ஒரு வழக்கம் தானாகவே உருவாகிவிட்டது. உதயன் எறிந்தால் பந்து ரிஹானிடம் போகும், ரிஹானிடம் போனால் போச்சு. ஜாபிர் எறிந்தால் பந்து யாரிடமும் போகாது. எண்பத்தைந்து என்பது இரண்டாவது ஆட்டத்தில் தொண்ணூறு ஆயிற்று. மூன்றாவதில் தொண்ணூற்று நான்கு. ஒவ்வொரு முறையும் "இன்னும் ரெண்டு பேர்தானே" என்றே தோன்றியது. ஆட்டம் முடிந்ததும் ஜாபிரின் முழங்கைக்கு ஐஸ் கட்ட வேண்டும். கல்லூரியில் கரண்ட் இருக்காது. மீன் கடையில் வாங்கிய ஐஸை நெகிழிப் பையில் போட்டுக் கட்டுவாள்.

"அக்கா, வீட்டுக்குப் போனா பூனையெல்லாம் பின்னாலே வருது" என்று அவன் சிரிப்பான். எல்லோரிடமும் பர்மியத்தில் பேசுகிறவன் அவளிடம் மட்டும் தமிழில் பேசுவான். அவளை அக்கா என்று கூப்பிட்டவனும் அவன் ஒருவன்தான்.

ஜனவரி மூன்றாவது வாரம் அரையிறுதி. மிங்கலாடோன் பக்கம், விமானம் இறங்குகிற சத்தம் அடிக்கடி தலைக்கு மேல் போகிற ஒரு மைதானம். மழையில் அரித்த தரை காய்ந்து கட்டிகட்டியாகக் கிடந்தது. மாற்றுப் பிட்சர்கள் கையைச் சூடேற்றிக்கொண்டு காத்திருக்கும் இடத்தைப் புல்பென் என்பார்கள். அவர்களுடைய புல்பென் ஒரு வாகை மரத்தடி. அங்கே உதயசூரியன் மட்டும் சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தான்.

ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். ஐந்து முடிந்தபோது இவர்கள் ஐந்துக்கு மூன்று என்று முன்னால் இருந்தார்கள். ஜாபிரின் பெயருக்கு நேராக எண்பத்திரண்டு கோடுகள். நீலாம்பாள் உதயனைத் தயாராகச் சொன்னாள். ஆறாவதில் முதல் ஆள் அடித்த சாதாரணப் பந்து ரிஹானின் காலிடுக்கில் போனது. அடுத்தவன் ஓர் அடி அடித்தான். ஓர் ஓட்டம் வந்து ஐந்துக்கு நான்கு ஆயிற்று. உதயசூரியன் கையுறையை மாட்டிக்கொண்டு மரத்தடியிலிருந்து இரண்டடி முன்னால் வந்து அவளைப் பார்த்தான்.

அவள் மைதானத்துக்குள் நடந்தாள். அதற்கு முன்னால் அந்த மேடு வரைக்கும் அவள் போனதில்லை.

"போதும் ஜாபிர். எண்பத்தெட்டு ஆயிடுச்சு."

"நானே போடறேன்க்கா."

"கை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னான். "உதயன் வந்தா பந்து ரிஹான்கிட்டதானே போகும்? தோத்துடுவோம்க்கா."

ரிஹான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். தமிழ் தெரிந்தவன். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அந்த நேரத்தில் நீலாம்பாளுக்கு இரண்டும் தெரியும். ஜாபிர் எறிந்துவிட்டுக் கையைத் தொங்கப் போடும்போது விரல்களை மடக்கி மடக்கி விரிப்பதைப் பார்த்திருந்தாள். அவன் விடியற்காலை அடுப்பிலிருந்து நேராக வந்திருக்கிறான் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பதினொரு பேர் அந்த வருஷத்தில் எதிலாவது ஜெயித்தார்கள் என்றால் அது இதில்தான். ஓடிப்போனவர்களும் பயந்து வீட்டுக்குள் இருப்பவர்களும் போக மிஞ்சியவர்கள். அவர்களைத் தோற்க வைத்துக் கூட்டிக்கொண்டு பஸ் ஏற அவளுக்கு மனம் வரவில்லை. அதோடு, சொன்னால் வெட்கம், அவளுக்கே ஜெயிக்க ஆசையாக இருந்தது.

"சரி, போடு" என்றாள். திரும்பி வரும்போது உதயசூரியனைப் பார்க்காமல் வந்தாள்.

ஆறாவது இன்னிங்ஸ் அதே ஐந்துக்கு நான்கில் முடிந்தது. கோடுகள் தொண்ணூற்றொன்பது. ஏழாவதில் பந்தின் வேகம் குறைந்துவிட்டது. மட்டைக்காரர்கள் பந்தை உரசி வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் ஆறு, ஏழு பந்து. நூற்றுப் பத்துக்கு மேல் அவள் கோடு போடுவதை நிறுத்தவில்லை, ஆனால் கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கடைசி ஆளுக்குக் கடைசிப் பந்து. ஜாபிர் எறிந்தான், மட்டை காற்றில் சுழன்றது, பந்து கையுறையில் விழுந்தது. ஜெயித்துவிட்டார்கள்.

எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். கட்டிப்பிடித்தார்கள், தூக்கினார்கள். ஜாபிரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கைதட்ட நீட்டியவர்களுக்கெல்லாம் இடது கையைக் கொடுத்தான். நீலாம்பாள் அதைப் பார்த்தாள். உட்கார்ந்து கோடுகளை எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

மறுநாள் காலை முழங்கை தேங்காய் போல வீங்கியிருந்தது. ஆய்வுக்கூட வேலையை அப்படியே போட்டுவிட்டு அவனை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். படமெடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் எடை தூக்கக்கூடாது, எறிவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"விளையாடும்போது" என்றான் ஜாபிர் அவளுக்கு முன்பாகவே.

"எத்தனை பந்து போட்டே?"

"ஞாபகம் இல்லீங்க."

நீலாம்பாள் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். புத்தகம் அவள் பைக்குள் இருந்தது.

இறுதியாட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. பயிற்சிக்கு வந்த முதல் நாளே ரிஹான் அவளிடம் தனியாக வந்தான்.

"என்னை அங்கேருந்து எடுத்துடுங்க சயாமா."

"யாரை நிறுத்துறது? ஆளில்லையே."

"ஆள் புதுசா வேணாம். நானும் மவ்வும் இடம் மாறிக்கிறோம்." மவ் என்பது இரண்டாம் தளத்தில் நின்ற பையன். "அங்கே பந்து மெதுவா வரும். நான் பயப்பட மாட்டேன். அவனுக்குப் பயமே கிடையாது."

"இதை ஏன்டா முன்னாலேயே சொல்லலே?"

"யாரும் கேக்கலே. நானா சொன்னா விளையாட இஷ்டமில்லாம சொல்றேன்னு நினைப்பீங்க."

ஒன்பது முறை அந்த ஐந்தாம் எண்ணை எழுதியவள் அவள். ஒரு முறைகூட அவனைக் கூப்பிட்டு என்னடா ஆகிறது என்று கேட்டதில்லை.

இடத்தை மாற்றினாள். பத்து நாளும் மாலை நான்கு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, தரைப்பந்தாக உருட்டி உருட்டிப் பிடிக்கச் சொன்னாள். இறுதியாட்டத்தில் உதயசூரியன் முதலிலிருந்து எறிந்தான். பந்து தரையில் குதித்துக்கொண்டே வந்தது. மவ் மார்பில் வாங்கி எடுத்து எறிந்தான். ரிஹான் தன் பக்கம் வந்த நாலில் மூன்றைப் பிடித்தான். உதயன் எழுபத்தாறு பந்தில் ஆட்டத்தை முடித்தான். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். தோற்றதும்கூட ஒரு நல்ல அடியால்தான், யார் பிழையாலும் அல்ல.

பஸ்ஸில் பையன்கள் சோர்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். நீலாம்பாள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முழுக்க இரண்டே பிழை. அன்றைக்கு ஆறாவது இன்னிங்ஸில் இதே உதயனை இறக்கியிருக்கலாம். மவ் அன்றைக்கும் பக்கத்தில், இரண்டாம் தளத்தில்தான் நின்றிருந்தான். இடத்தை மாற்ற ஒரு வார்த்தை போதும். ஒருவேளை தோற்றிருப்பார்கள். இன்றைக்குத் தோற்ற மாதிரியே. தோற்பது இவ்வளவுதானா என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். எண்பத்தைந்துக்கு மேல் கூடாது என்று தெரிந்தும் தானே அனுமதித்ததாக எழுதியிருந்தாள். முதல்வர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அரையிறுதி ஜெயிச்சிருக்கோம் டோ நீலா. இதை எதுக்கு எழுதறீங்க? எடுத்துட்டுப் போங்க" என்றார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள். அது கோப்பில் போனதா, குப்பையில் போனதா என்று அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். இரண்டாவது மாடி. அஸ்மா ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தார். ஜாபிர் இல்லை.

"உக்காருங்க" என்றார் அஸ்மா.

நீலாம்பாள் உட்காராமலே சொன்னாள். எத்தனை பந்து என்ற வரம்பு, அதை அவளே எழுதி வைத்தது, அவன் விரலை மடக்கியதைப் பார்த்தது, வேறு ஒருவன் தயாராக நின்றது, எல்லாவற்றையும். சொல்லிக்கொண்டே போகும்போது அஸ்மா மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினார்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

கீழே தெருவில் யாரோ வண்டியில் காய் விற்றுக்கொண்டு போனார்கள். அஸ்மா ஊசியிலிருந்து நூலை உருவி எடுத்தார்.

"அவன் என்கிட்ட வேற மாதிரி சொன்னான். நாந்தான் போடறேன்னு அடம் பிடிச்சேன், அக்கா மேல தப்பில்லைன்னான்."

"அவன் அப்படித்தான் சொன்னான். அது பொய்யில்லை."

"இருவது வயசுப் புள்ளை அப்படித்தான் சொல்லும். நீங்க அவன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டிருக்கக் கூடாது" என்றாள் நீலாம்பாளும்.

"இதைச் சொல்ல வந்தது நல்லதுதான். ஆனா இப்போ என்னால உங்ககூட உக்காந்து பேச முடியாது. போயிட்டு வாங்க."

படியிறங்கும்போது மேலே மெஷின் மறுபடி ஓடவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாசாமி என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னாள். "திட்டியிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் அவர். அவள் துணி மடிக்க உட்கார்ந்தபோது தானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தார்.

ரமலான் முடிந்த பிறகு ஜாபிர் கல்லூரிக்கு வரவில்லை. தேநீர்க் கடைக்காரர் அவனை அடுப்பிலிருந்து எடுத்து மேசைகளுக்குத் தேநீர் கொண்டுபோகும் வேலையில் போட்டிருந்தார். வெளிநாடு போக நினைத்திருந்தானாம், கட்டட வேலைக்கு. இந்தக் கையோடு எந்த ஏஜெண்டும் எடுக்க மாட்டான். இதையெல்லாம் ரிஹான்தான் சொன்னான்.

மூன்று மாதம் அவள் அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்த்தாள். ஜூனில் மழை பெய்த ஒரு காலை, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். ஜாபிர் அவளைப் பார்த்ததும் முதலில் வேறு மேசைக்குப் போனான். பிறகு இடது கையில் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தான். சாஸரில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

"கை எப்படி இருக்கு?"

வலது கையை நீட்டிக் காட்டினான். முழுதாக நேராகவில்லை. "மழைன்னா வலிக்குது."

அவள் சாஸரில் சிந்தியதைக் கோப்பையில் ஊற்றினாள்.

"டீம் இருக்காக்கா?"

"எட்டுப் பேர் இருக்காங்க. இன்னும் ஒருத்தன் கிடைச்சா பேர் கொடுக்கலாம். உதயன் இருக்கான்."

"அவன் பந்து நல்லா இறங்குமே." கொஞ்ச நேரம் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த இடத்தையே. "அன்னிக்கு நீங்க என்னை வெளியே எடுத்திருந்தா, அதுக்கப்புறம் உங்ககூட நான் பேசியே இருக்க மாட்டேன்க்கா. அவ்வளவு கோவம் வந்திருக்கும்."

"பேசாமலே இருந்திருக்கலாம்டா" என்றாள் நீலாம்பாள். "அது பரவாயில்லை."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னாலிருந்து யாரோ, அங்கே தேநீர்க் கடைகளில் பையன்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி, முத்தம் கொடுப்பது போன்ற சத்தத்தை எழுப்பி அவனைக் கூப்பிட்டார்கள். "வரேன்" என்று பர்மியத்தில் குரல் கொடுத்துவிட்டுப் போனான். நாலு மேசைக்கு அவன்தான் தேநீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவன் திரும்பி வருவதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. மழையில் குடையை விரிக்க மறந்து அவள் ஓடிப்போய் ஏறினாள்.